வீட்டுக்காரம்மா

தென்காசியை ஒட்டிய மேலகரத்தில் இருக்கும் எங்கள் வீட்டை வாடகைக்கு விடலாம் என்று முதலில் சொன்னது நான்தான். பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தோம். என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு, டயாலிசிஸ் தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. வாரத்துக்கு மூன்று நாள். தென்காசியிலிருந்து போக ஒன்றரை மணி நேரம், மிஷினில் நான்கு மணி நேரம், திரும்பி வர இன்னொரு ஒன்றரை மணி நேரம். வரும் வழியில் ஆலங்குளம் தாண்டியதும் அவருக்குக் குமட்டும். நான் மடியில் பாலித்தீன் பையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

"வீட்டப் பூட்டிப் போட்டா கரையான்தான் ஏறும். வாடகைக்கு விட்டுட்டு நாம இங்கனயே ஒரு சின்ன வீடாப் பாத்துக்கிடுவோமா?" என்றேன்.

அந்த வீடு அவர் கட்டியது. ராணுவத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்த பணத்தில் பாதியும், பிறகு ஒரு வங்கியில் காவலாளியாக இருந்தபோது வாங்கிய கடனில் மீதியும் போட்டது. செங்கல் இறங்கும்போது எண்ணி, தண்ணீர் ஊற்றும்போது கூட நின்று கட்டியது. பஸ் ஏறி, ஆலங்குளமும் தாண்டி, முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் வாயைத் திறந்தார்.

"விடுதோம்னா முறையா விடணும்."

முறை என்றால் அவருக்கு உயிர். ரேஷன் கடை ரசீதைக்கூட ஃபைலில் வைக்கிற ஆள். நான் அப்படி இல்லை. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் மகளின் மார்க் ஷீட்டைத் தவிர எதிலும் நான் கையெழுத்துப் போட்டதாக ஞாபகம் இல்லை. நர்சரி பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு முடியாமல் போனதும் அதையும் விட்டுவிட்டேன். அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கியிருந்தது. இடது கையில் ஊசி போடுவதற்கென்று ரத்தக்குழாயை இணைத்துத் தைத்திருந்தார்கள். அதனால் வீட்டை நிர்வகிக்கும் அதிகாரத்தை என் பெயருக்கு எழுதிக் கொடுத்து, அதையும் பதிவு செய்தார். அன்றிலிருந்து எல்லாக் காகிதத்திலும் என் கையெழுத்துதான்.

வாடகைக்கு வந்தவர்கள் ஒரு சின்னக் குடும்பம். கணவன், மனைவி, நாலாம் வகுப்புப் படிக்கும் பெண் பிள்ளை. அவன் இருசக்கர வாகனக் கடன் கொடுக்கும் ஒரு ஃபைனான்ஸில் வசூலுக்குப் போய்க்கொண்டிருந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். பார்த்ததுமே என் கணவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டான். அவள் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அடுப்படி ஜன்னலைத் திறந்து மூடி, "காத்து நல்லா வருது அக்கா" என்றாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

தென்காசியில் பத்திரம் எழுதுகிறவர், "பதினோரு மாசத்துக்கு ஒரு பேப்பர் போட்டுக்கிடுங்க அண்ணாச்சி. எல்லாரும் அப்படித்தான் செய்யுதாங்க" என்றார்.

"எல்லாரும் செய்யுதத விடுங்க. சட்டத்துல என்ன இருக்கு?"

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை அரசாங்க இணையதளத்தில் ஏற்றி எண் வாங்க வேண்டும். மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. என்ன சண்டை வந்தாலும் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தக் கூடாது. நம் வீடுதானே என்று நினைத்த நேரத்தில் போய்க் கதவைத் தட்டக் கூடாது, முந்தின நாளே சொல்லிவிட்டுப் போக வேண்டும். பெரிய பழுது எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குடியிருப்பவர்கள் பக்கம் பார்த்தால், நம் எழுத்துச் சம்மதம் இல்லாமல் இன்னொருவருக்கு உள்வாடகை விடக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் என் கணவர் தலையை ஆட்டினார். எழுதி முடித்ததும் வாடகைக்கு வருகிறவர்கள் விவரத்தைப் போலீஸ் ஸ்டேஷனிலும் கொடுக்க வைத்தார்.

பிறகு ஆடிட்டர். என் கணவர் பென்ஷன் வாங்குகிறவர் என்பதால் வாடகையும் அந்த வருமானத்தோடு சேரும் என்றார். "பேரூராட்சிக்குக் கட்டுத வீட்டு வரியக் கழிச்சிருவோம்மா. மிச்சத்துல நூத்துக்கு முப்பது பராமரிப்புக்குன்னு சட்டமே கழிச்சுத் தருது. அதுக்குப் பில்லு, ரசீது ஒண்ணும் வேண்டாம்."

"செலவே செய்யலன்னா?" என்று கேட்டேன்.

"செய்யலன்னாலும் முப்பதுதான். அதிகமாச் செஞ்சாலும் முப்பதுதான்."

பாளையங்கோட்டையில் நாங்கள் பிடித்த வீட்டில் கதையே வேறு. இரண்டு அறை, பின்னால் ஒரு குளியலறை, ஆஸ்பத்திரிக்கு நடக்கிற தூரம். அந்த வீட்டுக்காரர் வயதானவர், நல்ல மனிதர்தான். ஒப்பந்தம் என்று நான் வாயெடுத்ததும், "பேப்பர்லாம் எதுக்கும்மா? நம்ம மனுசங்க" என்று சிரித்தார். வாடகையைக் கையில்தான் வாங்குவார். ரசீது கிடையாது. என் கணவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். வேறு வீடு தேட எனக்குத் தெம்பு இல்லை. சொந்த வீட்டுக்கு அத்தனை காகிதம், குடியிருக்கிற வீட்டுக்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்லை என்றே நாட்கள் ஓடின.

இரண்டாவது வருஷம் ஆடி மாதம், ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்குப் போன் வந்தது. அப்போதுதான் நர்ஸ் ஊசியைக் குத்தி மிஷினை ஓடவிட்டிருந்தார்.

"அம்மா, மேலகரத்துல மாடிப்படி வச்ச வீடு உங்களுதா?"

"ஆமா, நீங்க யாரு?"

"ஸ்டேஷன்லேருந்து ஏட்டு பேசுதேன். உங்க லாட்ஜுல தங்கியிருந்த பெரியவர் ஒருத்தர் படியில விழுந்துட்டாரு. பெரியாஸ்பத்திரில சேத்திருக்கு."

"லாட்ஜா? அது வீடு சார்."

"லாட்ஜுன்னுதாம்மா வெளிய போர்டு தொங்குது. வாடகைக்காரர் விவரம் முந்தியே குடுத்திருக்கீங்கள்லா, அதுலேருந்துதான் உங்க நம்பர எடுத்தேன். நீங்க வரணும்."

ஒழுங்காகக் காகிதம் கொடுத்து வைத்ததால்தான் எங்களைத் தேடி உடனே வர முடிந்தது. கொடுக்காதவர்களுக்கு அன்று போன் வந்திருக்காது. இதை நினைத்ததற்காக அப்போதே வெட்கப்பட்டேன்.

அவர் கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "போயிட்டு வா. நான் ஆட்டோவுல வீட்டுக்குப் போயிக்கிடுவேன்" என்றார். நான் தயங்கி நின்றேன். "போடி" என்றார்.

அருவிகளில் குளிக்க வெளியூர்க் கூட்டம் வரும் சாரல் சீசன் நன்றாக இருந்த வருஷம் அது. தென்காசி பஸ்ஸில் நிற்க இடமில்லை. தோளில் துண்டு போட்ட கூட்டம் அருவியில் தண்ணீர் எப்படி விழுகிறது என்பதையே பேசிக்கொண்டு வந்தது. நானும் குளிக்கப் போகிறேன் என்று நினைத்து ஓர் அம்மாள் என்னிடம், "மெயினருவில கூட்டம் எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். பிறந்ததிலிருந்து அந்தப் பக்கமே இருக்கிறேன். அந்த வருஷம் ஒரு நாள்கூட நான் அருவி முகம் பார்த்திருக்கவில்லை.

வீட்டு கேட்டில் ஃப்ளெக்ஸ் போர்டு கட்டியிருந்தது. 'சீசன் ஃபேமிலி ரூம்ஸ். வீட்டுச் சாப்பாடு. கார் நிறுத்த வசதி.' கீழே, வாடகைக்கு இருந்தவனுடைய போன் எண். என் கணவர் பெயரும் பதவியும் வெட்டிய கல்லை அது முழுசாக மறைத்திருந்தது. உள்ளே ஹாலைப் பிளைவுட் வைத்து இரண்டாகத் தடுத்திருந்தார்கள். எங்கள் படுக்கையறைக் கதவில் ஒன்று என்று எண் ஒட்டியிருந்தது. வெளியூர்ப் பெண் ஒருத்தி ஈரத் தலையோடு அங்கிருந்து வெளியே வந்து, "சுடுதண்ணி எப்பங்க வரும்?" என்று என்னையே கேட்டாள்.

அடுப்படியில் அவன் மனைவி இருந்தாள். பெரிய அண்டாவில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அடுப்பைக் குறைத்தாள். உடனே அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை.

"எத்தன நாளா?" என்று கேட்டேன்.

"போன சீசன்லேருந்து அக்கா. போன வருசம் ஒரே ஒரு ரூம்தான். அவுகளுக்கு வேலை போயிட்டு. ஃபைனான்ஸ்ல ஆளக் கொறச்சுட்டாங்க. உங்களுக்கு ஒரு மாசமாவது வாடக தப்பிருக்கா, நீங்களே சொல்லுங்க."

தப்பவில்லை. மாதம் பிறந்து மூன்றாம் தேதிக்குள் வங்கியில் ஏறிவிடும். வேலை போனவன் எப்படிக் கட்டுகிறான் என்று நான் யோசித்ததில்லை. வேலை போனதே எனக்குத் தெரியாது.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டா அண்ணாச்சி சம்மதிப்பாங்களா?"

சம்மதிக்க மாட்டார். பெரியவர் எங்கே விழுந்தார் என்று கேட்டேன். பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

வீட்டுக்கு வெளியே மொட்டை மாடிக்குப் போகிற படி அது. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் திறந்த வெளி. வீடு கட்டும்போது கடைசியில் பணம் முடிந்துவிட்டது. கைப்பிடியைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று விட்டோம். நாங்கள் இரண்டு பேரும் சுவரோரமாகவே ஏறி இறங்கிப் பழகிவிட்டோம். சாரல் விழுந்து விழுந்து படியெல்லாம் பாசி பிடித்திருந்தது. ஐந்தாவது படியில் கால் வழுக்கிப் பாசியைக் கீறின தடம் அப்படியே இருந்தது.

அவள் போனை எடுத்துத் தேய்த்துத் தேய்த்து எதையோ தேடி என்னிடம் நீட்டினாள். போன வருஷம் அவள் எனக்கு அனுப்பிய வாட்ஸ்அப். அதே படியின் போட்டோ. 'அக்கா படிக்கு கைபிடி வைக்கணும். பாப்பா ஏறி இறங்குதா, பயமா இருக்கு.' அதன் கீழே என் பதில்: 'சரிம்மா ஆள் விடுறேன்.' இரண்டு நாள் கழித்து அவள் 'அக்கா?' என்று கேட்டிருந்தாள். அதற்குப் பதில் இல்லை.

தேதியைப் பார்த்தேன். அவர் கையில் தைத்த குழாய் அடைத்துக்கொண்டு, மறுபடி அறுவை செய்த வாரம். அந்த வாரம் எனக்கு யார் யார் என்னென்ன அனுப்பினார்கள் என்று இன்றைக்கும் தெரியாது. ஆனால் 'சரிம்மா' என்று எழுதியது என் விரல்தான்.

"இதப் போலீஸ்ல காட்டினியா?"

"இல்லக்கா" என்றாள். போனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பெரியாஸ்பத்திரியில் அந்தப் பெரியவரைப் பார்த்தேன். ஈரோட்டுப் பக்கத்துக்காரர். எழுபது தாண்டியவர். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. பக்கத்தில் அவர் மகள் நின்றிருந்தாள். நான் யாரென்று சொன்னதும் அவள் முகம் மாறியது.

"உங்க ஊடுங்களா? மாசாமாசம் வாடக வாங்கறீங்கல்ல, ஒரு கம்பி வெக்க முடியலீங்களா?"

"உடு கண்ணு" என்றார் பெரியவர். பிறகு என்னிடம், "மேலேருந்து பாத்தா மலை தெரியும்னு அந்தத் தம்பி சொன்னானுங்க. பையை வெச்ச கையோட ஏறுனேன். எறங்கறப்பதான் வழுக்கிருச்சு" என்றார்.

என்ன பேசுவது என்று தெரியாமல், "மலை தெரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டேன்.

"மேகமா இருந்துச்சுங்க" என்றார்.

அருவிக்கு அவர் போகவேயில்லை. காலையில் வந்து இறங்கி, ஒரு மணி நேரத்தில் விழுந்திருக்கிறார். இரண்டு நாள் கழித்து அவர்கள் ஊருக்கே வண்டி வைத்துக் கொண்டுபோய் அறுவை செய்தார்கள். புகார் வேண்டாம் என்று மகள் எழுதிக் கொடுத்துவிட்டாள். ஏட்டு என்னிடமும் வாடகைக்கு இருந்தவனிடமும் வாக்குமூலம் எழுதி வாங்கினார். "புகார் இல்லன்னாலும், அனுமதி இல்லாம ரூம் விட்டதப் பேரூராட்சிக்கும் கரண்ட் ஆபீஸுக்கும் சொல்லியாகணும்மா. நோட்டீஸ் ஓனர் பேருக்குத்தான் வரும்" என்றார். அவன் ஸ்டேஷன் வாசலில் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அடுத்த ஒரு மாதம் பாளையங்கோட்டைக்கும் தென்காசிக்குமாக அலைந்தேன். டயாலிசிஸ் இல்லாத நாளெல்லாம் அலுவலகம். கரண்ட் ஆபீஸில், வீட்டு இணைப்பை வியாபாரத்துக்கு ஓட்டியிருக்கிறீர்கள், கட்டண வித்தியாசத்தையும் அபராதத்தையும் கட்ட வேண்டும் என்றார்கள். வாடகைக்காரர்தான் அப்படிச் செய்தார் என்றேன். "இணைப்பு யார் பேர்லம்மா இருக்கு?" என்று கேட்டார்கள். பேரூராட்சியில், தொழில் நடக்கும் கட்டடம் என்றால் வரியே வேறு, அளக்க ஆள் வருவார்கள் என்றார்கள். தொழில் நிறுத்தப்பட்டது என்று எழுதி, போர்டைக் கழற்றிய போட்டோவை ஒட்டிக் கொடுத்தேன். "வரி விதிப்பு யார் பேர்ல?" யாரும் கடுமையாகப் பேசவில்லை. எல்லோரும் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். அதற்கு ஒரே பதில்தான் இருந்தது.

என் கணவரிடம் போர்டைச் சொன்னேன், பிளைவுட்டைச் சொன்னேன், பெரியவரைச் சொன்னேன். வாட்ஸ்அப்பைச் சொல்லவில்லை. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"காலி பண்ணச் சொல்லணும். சண்ட போட்டு இல்ல. மனு குடுத்து."

"சரி."

"கைப்பிடி நாம வைக்காம விட்டதுதான்" என்றார். "நான்தான் பெறகு பாப்போம்னேன்."

அப்போது சொல்லியிருக்கலாம். அவருக்குக் காலில் நீர் ஏறி வீங்கியிருந்த நேரம். சொல்லாததற்கு அதைக் காரணமாக வைத்துக்கொண்டேன்.

அந்த மாதக் கடைசியில்தான் ஆடிட்டர் போன் செய்தார். டயாலிசிஸ் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஓர் அம்மாள் கேரியரைத் திறந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "ரிட்டர்ன் போட்டாச்சும்மா. போன வருசம் மாதிரியே வீட்டு வரியும், அந்த முப்பதும் கழிச்சாச்சு" என்றார். நன்றி சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது. வீட்டைப் பராமரித்தேன் என்று இரண்டு வருஷமும் கழித்திருக்கிறோம். அந்த இரண்டு வருஷத்தில் ஓர் ஆணி அடிக்கவில்லை. ஒரு தடவை வாளியும் பிரஷ்ஷும் கொடுத்துப் பாசியைத் தேய்க்கச் சொல்லக்கூட இல்லை. சட்டப்படி அதில் எந்தத் தப்பும் கிடையாது. நான் நாற்காலியை விட்டு எழுந்து வராந்தாவில் கொஞ்ச தூரம் நடந்தேன். திரும்பி வந்தபோது அந்த அம்மாள், "உங்க வீட்டுக்காரருக்கு ரொம்ப முடியலையா?" என்று கேட்டாள். இல்லை, நன்றாக இருக்கிறார் என்றேன்.

காலி செய்யச் சொல்லி நான் கொடுத்த மனுவின் விசாரணை தென்காசியில் நடந்தது. வாடகை வழக்குகளைப் பார்க்கிற அதிகாரி ஒரு பெண். என் வயது இருக்கும். மேஜையில் ஃபைல்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்கும் மாத்திரை டப்பாவும் இருந்தன. அவன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான். உள்வாடகை விட்டீர்களா என்று கேட்டதும், "விட்டேன் மேடம். தப்புதான்" என்றான். அத்தோடு முடிந்துவிடும் போலிருந்தது.

அதிகாரி ஒப்பந்தத்தை ஒருமுறை புரட்டினார். "அந்தப் படி விஷயம். பழுது பாக்கச் சொல்லி நீங்க எப்பவாவது வீட்டுக்காரங்ககிட்ட எழுத்துல கேட்டீங்களா?"

அவன் மடியில் இருந்த ஹெல்மெட்டின் வாரைச் சுருட்டினான். சட்டைப் பையில் போன் துருத்திக்கொண்டு தெரிந்தது. போன வருஷம் அனுப்பிய போட்டோ அவன் மனைவியின் போனில் இருந்தது. அவனிடமும் இல்லாமல் இருக்காது. அவன் வாயைத் திறக்கக் காத்திருந்தேன். அவன் திறக்கவில்லை.

"கேட்டாங்க மேடம்" என்றேன். "வாட்ஸ்அப்ல போட்டோவோட கேட்டாங்க. ஆள் விடுறேன்னு பதில் போட்டேன். விடல. மறந்துட்டேன்."

அதிகாரி என்னை நிமிர்ந்து பார்த்தார். "இத எழுதிக்கிடட்டுமா?"

"எழுதிக்கிடுங்க."

எழுதினார். படித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்து மட்டும் மற்றவற்றை விடக் கொஞ்சம் கோணலாக விழுந்தது. உத்தரவு வந்தது: அவர்கள் இரண்டு மாதத்தில் காலி செய்ய வேண்டும். நான் என் செலவில் உடனே படிக்குக் கைப்பிடி வைத்துப் போட்டோ கொடுக்க வேண்டும்.

வெளியே மரத்தடியில் அவனைக் கேட்டேன். "நீ ஏன் சொல்லல?"

"அண்ணாச்சிக்கு மேலுக்கு முடியாத நேரம்லா அக்கா." கொஞ்சம் யோசித்தான். "சொன்னா மட்டும் எங்களுக்கு வீடு நிக்கவா போவுது?"

இரண்டும் உண்மையாகத்தான் இருக்கும். கரண்ட் ஆபீஸ் அபராதத்தை ஆளுக்குப் பாதியாகக் கட்டுவோம் என்றேன். அவன் மறுத்தான். பிறகு சரி என்றான்.

அன்று சாயங்காலம் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எந்த வாரம், என்ன போட்டோ, நான் என்ன எழுதினேன் என்று ஒன்றும் விடாமல். அவர் காலை நீட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"எழுதிக் குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்."

"சரி."

திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும். அவர் திட்டவில்லை. படுத்துக்கொண்டு, "அந்தப் பெரியவரு இப்பம் நடக்காரா, கேட்டியா?" என்றார்.

கேட்டேன். வாரம் ஒரு முறை பெரியவரின் மகளுக்குப் போன் செய்தேன். முதல் இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாவது தடவை, நடை பழகும் கம்பி வண்டியைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் நடக்கிறார் என்றாள். ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஏதாவது அனுப்பட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள். அடுத்த வாரம் மறுபடி கூப்பிட்டபோது குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இனிமேல் கூப்பிட வேண்டாங்க. நீங்க பேசுனாலே அப்பாவுக்கு அதே நெனப்பு வந்துருது" என்றாள். அதற்குப் பிறகு நான் கூப்பிடவில்லை. அவர் தனியாக நடக்கிறாரா, எந்த அருவியிலாவது குளித்தாரா, தெரியாது.

கைப்பிடி வைக்க வெல்டிங் ஆளைக் கூட்டிக்கொண்டு நானே போனேன். முந்தின நாளே போன் செய்து சொல்லிவிட்டுத்தான் போனேன். அவர்கள் இன்னும் அங்கேதான் இருந்தார்கள். கம்பியை அறுக்கிற சத்தம் தெருவெல்லாம் கேட்டது. அவள் வெல்டிங்காரருக்கும் எனக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். பிள்ளை பள்ளி விட்டு வந்து, புதுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி, இறங்கி, மறுபடி ஏறினாள். பெயின்ட் காயவில்லை என்று அவள் அம்மா கத்தினாள். நாங்கள் இரண்டு பேரும் டம்ளரை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றோம். மன்னிப்பு என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

புரட்டாசி முடிவதற்குள் காலி செய்துவிட்டார்கள். சுரண்டையில் அவளுடைய அண்ணன் வீட்டுப் பக்கம் போவதாகச் சொன்னாள். அவனுக்கு அங்கே ஒரு கமிஷன் கடையில் வேலை கிடைத்திருந்தது. சாவி வாங்க நான் போனபோது வீட்டைக் கழுவித் துடைத்து வைத்திருந்தாள். பிளைவுட் அடித்த இடத்தில் ஆணித் துளைகளை வெள்ளைச் சிமென்ட் வைத்து அடைத்திருந்தாள். அட்வான்ஸை முழுசாகத் திருப்பி அனுப்பினேன். "அண்ணாச்சிய நல்லாப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிக்கொண்டாள். அதன் பிறகு பேசிக்கொள்ளவில்லை.

வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தது. விற்றுவிடலாம் என்று எங்கள் மகள் ஓசூரிலிருந்து போனில் சொன்னாள். நான் அதைக் கணவரிடம் சொல்லவேயில்லை. பாளையங்கோட்டை வாடகைக்குக் கையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தோம். கடைசியில் மறுபடியும் ஆள் பார்த்தேன். தென்காசியில் வேலை பார்க்கும் ஒரு கூட்டுறவுச் சங்கக் கணக்கர், கல்யாணமாகாத பெண், தன் அம்மாவோடு வந்தாள். வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் ஒப்பந்தத்தைத்தான் கேட்டாள். அடுப்படி மேடையில் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

"மோட்டார் கெட்டுப் போனா யாரு பாக்கணும்?"

"நான்தான்மா."

"எத்தன நாள்ல?"

பத்திரம் எழுதுகிறவர்கூட அதைச் சொல்லவில்லை. ஒரு வாரம் என்றேன். அதையும் எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டாள். எழுதிக்கொள்ளச் சொன்னேன். எழுத்தில் இருப்பது நல்லதுதான், வாட்ஸ்அப்பில் சொன்னால் எனக்கு ஞாபகத்தில் நிற்காது, இரண்டாம் தடவையும் கூப்பிட்டுச் சொல்லு என்றும் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

ஒப்பந்தத்தை இணையதளத்தில் ஏற்ற மேலகரத்தில் ஒரு கணினி மையத்துக்குப் போனோம். இரண்டு தடவை நடுவில் நின்றுபோனது. மூன்றாவது தடவை கடைசிப் பக்கம் வரை வந்து, உரிமையாளர் கைபேசிக்கு ஓடிபி வரும் என்றது. அந்த எண் என் கணவருடையது. அவர் அந்த நேரம் பாளையங்கோட்டையில் மிஷினில் இருந்தார். போன் செய்தேன். நர்ஸ்தான் எடுத்தார். தலையணைக்குப் பக்கத்தில் இருந்த போனில் மெசேஜைப் பார்த்து, ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். பின்னால் மிஷின் சத்தத்துக்கு மேலே என் கணவரின் குரல் கேட்டது.

"படிச்சுப் பாத்துட்டுப் போடச் சொல்லுங்க."

நர்ஸ் சிரித்துக்கொண்டே அதை என்னிடம் திருப்பிச் சொன்னார். கணினிக்காரர் எண்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு, திரையை என் பக்கம் திருப்பச் சொன்னேன். நான்கு பக்கம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து படித்தேன். படித்து முடிப்பதற்குள் ஓடிபி நேரம் தீர்ந்துவிட்டது. மறுபடி அனுப்பச் சொல்லி, மறுபடி நர்ஸைக் கூப்பிட்டேன்.